இலக்கு: ஒரு நிர்வாகச் சொல்லும் அது அளந்த உடல்களும்

2012 ஜனவரி 7ஆம் நாள் இரவு, பீகாரின் அராரியா மாவட்டத்தில் கபர்ஃபோரா என்னும் சிற்றூரின் அரசு நடுநிலைப் பள்ளியில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. 8 மணிக்குத் தொடங்கிய வேலை 10 மணிக்கு முடிந்துவிட்டது. அறுவை மேசை இல்லை. மாணவர்கள் எழுதும் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அவற்றின்மேல் பெண்களைப் படுக்க வைத்திருந்தனர். குழாயில் தண்ணீர் வரவில்லை. வெளிச்சத்துக்கு டார்ச் விளக்கு. மருத்துவர் ஒருவரே. கணக்குப் போட்டால் ஒரு பெண்ணுக்கு இரண்டேகால் நிமிடம் வருகிறது. அந்தப் பெண்களுள் ஒருவர் அப்போது கருவுற்றிருந்தார் என்பது பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற மனுவில் பதிவாகியிருக்கிறது. முகாமை நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். அதற்கு அங்கீகாரமும் பணமும் வழங்கியது அரசு.

இதை ஒரு மருத்துவரின் அலட்சியமாகவோ ஒரு மாவட்டத்தின் சீர்கேடாகவோ மட்டும் எழுதிக் கடந்துவிடலாம். நாளிதழ்கள் அப்படித்தான் எழுதின. ஆனால் இரண்டு மணி நேரத்தில் 53 அறுவை என்பது ஓர் அலுவலகத்தின் பதிவேட்டில் சாதனையாக ஏற வேண்டுமானால், அந்தப் பதிவேட்டுக்கே ஒரு நீண்ட வரலாறு இருந்தாக வேண்டும். அந்த வரலாற்றின் நடுவில் நிற்கும் சொல் ‘இலக்கு’. வடமொழியின் ‘லக்ஷ’ என்னும் சொல் அம்பு எய்யும் குறியையும் நூறாயிரம் என்னும் எண்ணையும் ஒருங்கே குறிப்பது. இந்திக் கோப்புகளின் ‘லக்ஷ்ய’, தமிழ்க் கோப்புகளின் ‘இலக்கு’, இரண்டுக்கும் பொதுவான ‘லட்சம்’ ஆகியவை அந்தச் சொல்லைச் சுற்றிய உறவினர்கள். குறியும் எண்ணும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது மொழியின் தற்செயல். இந்தியச் சுகாதார நிர்வாகத்தில் அவை ஒன்றாகிப்போனதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

விடுதலைக்கு முன்பே இந்தியாவின் பொதுச் சுகாதாரத்துக்கு ஒரு வரைபடம் தயாராகியிருந்தது. 1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. பணம் கொடுக்க இயலாதவர் என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்பது அதன் அடித்தளம். நாற்பதாயிரம் மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அதன் குறுகிய காலத் திட்டம். நோய் வந்தபின் பார்ப்பதும் வராமல் காப்பதும் ஒரே கட்டடத்திலிருந்து, ஒரே பணியாளர்களால் செய்யப்பட வேண்டும் என்று அந்தக் குழு கருதியது. 1952 முதல் சுகாதார நிலையங்கள் திறக்கப்பட்டன. ஆனால் வட்டாரத்துக்கு ஒன்று என்ற அளவில், போர் குழு கேட்டதைவிடக் குறைந்த ஆட்களோடும் பணத்தோடும்தான் அவை திறக்கப்பட்டன.

அதே 1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றது. உலகில் எந்த அரசும் அதுவரை செய்திராதது இது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கு ஒதுக்கப்பட்டது 65 லட்சம் ரூபாய். அன்றைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியின் நெருங்கிய தொண்டர். செயற்கைக் கருத்தடையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் அனுப்பிய ஆபிரகாம் ஸ்டோன் என்னும் மருத்துவர், மாதவிடாய்ச் சுழற்சியின் நாள்களை எண்ணுவதற்காகப் பெண்களுக்கு மணிமாலை கொடுத்துப் பார்த்தார். பெண் விரும்பி வந்து கேட்டால் சொல்லிக்கொடுப்பது என்பதே அக்காலத்தின் முறை. பலன் மிகக் குறைவு. எனினும் அந்தப் பத்தாண்டில் எந்த அதிகாரியின் சம்பளமும் எத்தனை பெண்கள் வந்தார்கள் என்பதோடு கட்டப்பட்டிருக்கவில்லை.

சிந்தனை மாறத் தொடங்கிய இடங்களுள் சென்னையும் ஒன்று. 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்று அவர்களுள் ஒருவரேனும் உயிரோடிருக்கும் தாய்க்கு மீண்டும் நிகழும் பிரசவத்தை ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்று தம் அறிக்கையில் வகைப்படுத்தினார். தாய்மைக்கு ஒரு நிர்வாக அடைமொழி கிடைத்தது அப்போதுதான். அவரே பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். 1950களின் பிற்பகுதியில் அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு ரொக்கம் கொடுக்கும் முறையைத் தொடங்கியது சென்னை மாநிலமே. ஆளைக் கூட்டிவருபவருக்கும் கூலி தரப்பட்டது. ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஆண்கள் பலர் இந்தத் தரகு வேலையில் இறங்கினர். பிற்கால இந்தியாவின் எல்லா முகாம்களிலும் காணப்போகும் மூவரும், அதாவது பணம் பெறும் உடலும், உடலைக் கொண்டுவந்து பணம் பெறும் தரகரும், இருவரையும் எண்ணும் எழுத்தரும், இங்கேயே உருப்பெற்றுவிட்டனர். தமிழ்நாட்டின் குடும்ப நல வரலாற்றைப் பெருமிதத்தோடு மட்டுமே எழுதும் வழக்கத்தில் இந்தப் பக்கம் அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

1959இல் அமைக்கப்பட்ட ஏ. லட்சுமணசாமி முதலியார் குழு, போர் அறிக்கைக்குப்பின் என்ன நடந்தது என்று பார்த்தது. முதலியார் மகப்பேறு மருத்துவர். அத்துறைக்குப் பாடநூல் எழுதியவர். புதிய சுகாதார நிலையங்களைத் திறந்துகொண்டே போவதற்கு முன் இருப்பவற்றைச் செம்மைப்படுத்துங்கள் என்று அவருடைய குழு சொன்னது. சொன்னதைக் கேட்கும் நிலையில் தில்லி இல்லை. 1961ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு மக்கள்தொகை எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்வதைக் காட்டிவிட்டது. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கி நாடு நின்றது. அந்தக் கோதுமையைத் தவணை தவணையாக விடுவித்த ஜான்சன் அரசு, வேளாண் கொள்கையோடு மக்கள்தொகைக் கொள்கையையும் நிபந்தனையாகப் பார்த்தது.

1966இல் சுகாதார அமைச்சகத்துக்குள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கெனத் தனித் துறை பிறந்தது. முகர்ஜி குழு அதற்குத் தனிப் பணியாளர்களைப் பரிந்துரைத்தது. போர் குழுவின் ஒருங்கிணைந்த சுகாதார நிலையம் என்னும் எண்ணம் இங்கே முறிகிறது. அதே கட்டடத்தில் மலேரியாவுக்கு ஓர் ஆள், அம்மைக்கு ஓர் ஆள், கருத்தடைக்கு ஓர் ஆள். இவர்களுள் மாதாந்தரக் கூட்டத்தில் கேள்வி கேட்கப்படுபவர் மூன்றாமவரே. ஒவ்வொரு மாநிலத்துக்கும், மாவட்டத்துக்கும், இறுதியில் ஒவ்வொரு துணை நிலையச் செவிலிக்கும், முறைவாரியாக இத்தனை லூப், இத்தனை அறுவை என்று எண்கள் இறங்கின. முதல் திட்டத்தில் 65 லட்சமாக இருந்த ஒதுக்கீடு நான்காம் திட்டத்தில் 300 கோடியைத் தாண்டியது. சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும் சுவரெங்கும் ஏறின.

லூப்பின் கதை சுருக்கமானது. ஆனால் பாடம் நிறைந்தது. 1965இல் பெரும் நம்பிக்கையோடு கொண்டுவரப்பட்ட இந்தக் கருப்பை வளையம் 1966-67இல் ஏறத்தாழ 9 லட்சம் பெண்களுக்குப் பொருத்தப்பட்டது. இரத்தப்போக்கும் வலியும் வந்தபோது திரும்பிச் சென்று காட்டுவதற்கு இடமில்லை. பொருத்துவதற்குத்தான் முகாம் இருந்தது. சோகையில் இருந்த உடல்களுக்கு அந்த இரத்தப்போக்கு சிறிய தொல்லை அன்று. ஊருக்கு ஊர் செய்தி பரவியது. இரண்டே ஆண்டுகளில் எண்ணிக்கை பாதியை நோக்கிச் சரிந்தது. கருவி குறைபாடுடையது என்று நிர்வாகம் முடிவு செய்து அடுத்த முறைக்குத் தாவியது. பொருத்திய பின் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லாததே குறை என்ற முடிவுக்கு அது வந்திருந்தால், பின்வரும் ஐம்பது ஆண்டுகள் வேறு விதமாகச் சென்றிருக்கக்கூடும்.

அடுத்த முறை ஆண் கருத்தடை. அதற்குப் பெருமுகாம் என்னும் வடிவத்தைத் தந்தது எர்ணாகுளம். மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமாரின் ஏற்பாட்டில் 1970 நவம்பர், டிசம்பரில் நடந்த முதல் முகாமில் 15,005 அறுவைகள் நிகழ்ந்தன. 1971 ஜூலையில் நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 63,418. வழக்கமான ஊக்கத்தொகையைவிடப் பல மடங்கு, பரிசுப் பொருள்கள், கலை நிகழ்ச்சிகள், கொடி கட்டிய பேருந்துகள் என அது ஒரு திருவிழாபோல நடந்தது. நேர்மையாகச் சொன்னால், எர்ணாகுளத்தில் மருத்துவர்களும் இருந்தார்கள். பின்தொடர் கவனிப்புக்கும் ஓரளவு ஏற்பாடு இருந்தது. ஆனால் மற்ற மாநிலங்களுக்கு அங்கிருந்து ஏற்றுமதியானது எண்ணிக்கை மட்டுமே. கேரளத்தின் மருத்துவமனைகளையும் எழுத்தறிவையும் யாரும் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோக முடியாதல்லவா.

பணம் கொடுத்து அழைப்பதிலிருந்து பிடித்து இழுப்பதற்கு நான்கைந்து ஆண்டுகளே தேவைப்பட்டன. 1974இல் புகாரெஸ்ட் மாநாட்டில், வளர்ச்சியே தலைசிறந்த கருத்தடை என்ற நிலைப்பாட்டை உலகுக்கு எடுத்துரைத்தவர் அமைச்சர் கரண் சிங். 1976 ஏப்ரல் 16இல் தேசிய மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டவரும் அவரே. வளர்ச்சி வரும்வரை காத்திருக்க இயலாது என்று இம்முறை அவர் சொன்னார். மாநிலத் திட்டங்களுக்கான மத்திய உதவியில் 8 விழுக்காடு குடும்பக் கட்டுப்பாட்டுச் செயல்பாட்டோடு இணைக்கப்பட்டது. மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கை 1971ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி 2001 வரை உறையவைக்கப்பட்டது. (இன்றைய தொகுதி மறுவரையறைச் சர்ச்சையின் வேர் இங்கேதான் இருக்கிறது.) 42ஆம் திருத்தத்தின் வழியாக மக்கள்தொகைக் கட்டுப்பாடு பொதுப்பட்டியலுக்கு வந்தது. மாநிலங்கள் தமக்குத் தரப்பட்ட எண்ணைத் தாமே உயர்த்திக்கொண்டு போட்டியிட்டன. ஆசிரியர்களின் சம்பளமும் ரேஷன் அட்டையும் வீட்டுமனை ஒதுக்கீடும் அறுவைச் சான்றிதழோடு முடிச்சுப் போடப்பட்டன. 1976 நவம்பரில் ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தை விடியலுக்கு முன்பே காவல் துறை சூழ்ந்தது. ஆண்கள் அள்ளிச் செல்லப்பட்டனர்.

இந்தக் காலத்தின் கணக்கை நாடு அறிவது ஒரே ஒரு கண்காணிப்பு அமைப்பின் வழியாக. நெருக்கடி நிலை முடிந்தபின், 1977 மே மாதம், முன்னாள் தலைமை நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அது 1978இல் மூன்று பகுதிகளாக அறிக்கை அளித்தது. 1976-77க்கான இலக்கு 42.55 லட்சம்; நிறைவேற்றப்பட்டது 81.32 லட்சம். அறுவையோடு தொடர்புடைய 1,774 மரணங்கள் குறித்த தகவல் ஆணையத்துக்கு வந்தது. மணமாகாதவர்களுக்கு அறுவை செய்ததாக 548 புகார்கள். இந்த எண்களைவிட முக்கியமான ஒன்றை அறிக்கை செய்தது. தலைமைச் செயலாளரிலிருந்து கிராம அலுவலர்வரை யார் யாருக்கு என்ன எழுதினார், எந்தச் சுற்றறிக்கை எந்தத் தண்டனையை அறிவித்தது என்று மாநிலவாரியாகக் காகிதத் தடத்தை அது தொகுத்தது. இந்தியச் சுகாதாரத் துறையை அதற்கு முன்னும் பின்னும் எவரும் அந்த அளவுக்குத் திறந்து பார்த்ததில்லை.

அந்த அறிக்கையின் கதி தெரிந்ததே. 1980இல் ஆட்சி மாறியபின் அதன் பிரதிகள் காணக் கிடைக்காதவையாயின. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2010இல், தம்மிடமிருந்த பிரதியைக்கொண்டு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன் அதைச் சென்னையிலிருந்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அரசு அச்சிட்ட ஓர் ஆவணத்தை ஒரு தனிமனிதரின் அலமாரி காப்பாற்ற வேண்டியிருந்தது.

1977இன் தேர்தல் தோல்விக்குப் பின் துறையின் பெயர் ‘குடும்ப நலம்’ என்று மாறியது. ‘கட்டுப்பாடு’ என்ற சொல் ஒரே இரவில் கூசத் தொடங்கியது. அறுவைகளின் எண்ணிக்கை 1977-78இல் 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. மீண்டும் ஏறியபோது அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்கள் வேறு மனிதர்கள். நெருக்கடி நிலையில் அறுவைக்குள்ளானவர்களுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் ஆண்கள். அதன்பின் ஆண்கள் ஒதுங்கிவிட்டனர். அரசியல்வாதிகளும் அவர்கள் பக்கம் மீண்டும் போகவில்லை. அதே காலத்தில் லேப்பராஸ்கோப் கருவி பரவலானது. வயிற்றில் சிறு துளை, சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பல். முகாம்களுக்கு இதைவிட வசதியான கருவி வேறில்லை. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் அறுவையின் வழியாகக் கருத்தடை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடையை நம்பியிருப்போர் 0.3 விழுக்காடு. ஆண் கருத்தடை பெண் கருத்தடையைவிட எளிது, ஆபத்தும் குறைவு என்பதை எந்த மருத்துவக் கையேடும் மறுக்காது.

ஓர் ஒன்றிய அரசு கவிழ்வதற்குக் காரணமாகும் அளவுக்கு ஆண்களின் உடல்மீதான வன்முறை நினைவில் நின்றது. பெண்களின் மரணங்கள் மாவட்டப் பக்கச் செய்திகளாகக் கழிந்தன. நெருக்கடி நிலையை ஒரு விதிவிலக்காகவே எழுதும் வரலாற்றாசிரியர்கள், அதன் முகாமும் இலக்கும் ஊக்கத்தொகையும் பாலை மாற்றிக்கொண்டு அடுத்த நாற்பது ஆண்டுகள் வாழ்ந்ததைப் போதிய அளவுக்குக் கவனிக்கவில்லை.

1994இன் கெய்ரோ மாநாட்டுக்குப் பின், 1996 ஏப்ரலில், நாடு முழுவதும் கருத்தடை இலக்குகள் கைவிடப்பட்டன. ஆவணங்களில் ‘இலக்கு’ என்ற சொல் மறைந்தது. அதன் இடத்தில் ‘எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு’ என்ற தொடர் வந்து அமர்ந்தது. சொற்பொருளியல் பயில்வோர்க்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ‘இலக்கு’ என்றால் வைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். ‘எதிர்பார்க்கப்படும்’ என்ற செயப்பாட்டு வினையில் எதிர்பார்ப்பவர் மறைந்துவிடுகிறார். எண் மட்டும் அப்படியே இருந்தது. மாதக் கூட்டங்களும் இருந்தன. முகாமுக்கு வரும் பெண்ணை ‘கேஸ்’ என்றும், அழைத்து வருபவரை ‘மோட்டிவேட்டர்’ என்றும், வந்து படுத்தவரை ‘அக்செப்டர்’ என்றும் குறிக்கும் வழக்கமும் மாறவில்லை. அக்செப்டர் என்றால் ஏற்றுக்கொண்டவர். என்னென்ன முறைகள் உண்டு என்று சொல்லப்படாத ஒருவர் எதை ஏற்றார் என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கண்காணிப்பு என்பது நீதிமன்றத்தின் கையால் மறுபடியும் வந்தது. உத்தரப் பிரதேச முகாம்களின் நிலையைச் சுட்டி ரமாகாந்த் ராய் தொடுத்த வழக்கில், 2005 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. தகுதியுள்ள மருத்துவர்களின் பட்டியல், அறுவைக்கு முன் நிரப்ப வேண்டிய சரிபார்ப்புப் படிவம், ஒரே மாதிரியான ஒப்புதல் படிவம், மாநிலந்தோறும் தர உறுதிக் குழுக்கள், இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு என அனைத்தும் அதில் இருந்தன. தர வழிகாட்டிகள் 2006இல் வெளிவந்தன. ஒரு மருத்துவர் ஒரு நாளில் 30 அறுவைக்கு மேல் செய்யக் கூடாது என்ற வரம்பு அவற்றின் வழியே வந்தது. தர உறுதிக் குழுவில் யார் இருந்தார்கள் என்பதும் பார்க்கத் தக்கது. மாவட்ட அளவில் அதன் பொறுப்பில் இருந்தவர்கள் ஆட்சியரும் மாவட்ட மருத்துவ அதிகாரியும். சாதனை அளவை எட்டவில்லையென்றால் மாநிலத் தலைநகரில் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. தம் வேலையைத் தாமே சோதித்துக் கையொப்பமிடும் ஏற்பாட்டை அரசு ‘தர உறுதி’ என்றது.

2007இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஊக்கத்தொகைப் பட்டியல், முன்னுரிமை என்பது நடைமுறையில் என்ன பொருள் என்பதைக் காட்டும் ஆவணம். அரசு மருத்துவமனையில் ஒரு பெண் கருத்தடைக்கு 1,000 ரூபாய். அதில் பெண்ணுக்கு 600, அழைத்து வருபவருக்கு 150, மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் 100, அறுவை மருத்துவருக்கு 75, மயக்க மருத்துவருக்கு 25, செவிலிக்கு 15, அறுவை அரங்க உதவியாளருக்கு 15, சிற்றுண்டிக்கு 10, முகாம் நிர்வாகத்துக்கு 10. கூட்டினால் ஆயிரம் சரியாக வருகிறது. அறுவைக்கு மறுநாள் யாரேனும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்று காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இந்தப் பட்டியலில் ஒரு ரூபாய்கூட இல்லை. 53 பேருக்கு 75 ரூபாய் வீதம் 3,975 ரூபாய். இரண்டு மணி நேரத்துக்கு அது நல்ல வருமானம். ஒருவருக்கு அரை மணி நேரம் செலவிடும் மருத்துவரைத் தண்டிப்பதற்கென்றே ஒரு கட்டண முறையை வகுத்திருந்தால்கூட இவ்வளவு செம்மையாக வகுத்திருக்க முடியாது.

மரணமும் இப்படியே விலையிடப்பட்டது. 2005இல் காப்பீடாகத் தொடங்கிப் பின்னர் அரசே நேரடியாக ஈடுசெய்யும் திட்டமாக மாறிய ஏற்பாட்டில், அறுவையின் ஏழு நாள்களுக்குள் இறந்தால் 2 லட்சம். எட்டாம் நாளிலிருந்து முப்பதாம் நாளுக்குள் இறந்தால் 50,000. அறுவை தோற்றுக் கருவுற்றால் 30,000. பின்னாளில் இந்தத் தொகைகள் இருமடங்காயின. ஏழாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் நடுவில் ஓர் உயிரின் மதிப்பு நான்கில் ஒன்றாகக் குறைவதற்கான நியாயம் மருத்துவத்தில் இல்லை, கணக்கியலில் இருக்கலாம்.

2014 நவம்பர் 8ஆம் நாள் சத்தீஸ்கரின் பிலாஸ்பூருக்கு அருகே, பயன்பாட்டில் இல்லாத ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு லேப்பராஸ்கோப் அறுவை செய்தார். இரண்டு நாள்கள் கழித்து அதே மாவட்டத்தின் வேறு இடங்களிலும் முகாம்கள் நடந்தன. அடுத்த சில நாள்களில் 13 பெண்கள் இறந்தனர். பெரும்பாலோர் இருபதுகளில், முப்பதுகளில் இருந்தவர்கள், கைக்குழந்தைகளின் தாய்மார். பழி யாருடையது என்ற விவாதம் உடனே தொடங்கியது. முகாமில் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் எலி மருந்து கலந்திருந்தது என்ற குற்றச்சாட்டை மாநில அரசு முன்வைத்தது. தொற்றால் இரத்தம் நஞ்சானதே காரணம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மாத்திரையே காரணம் என்று கொண்டாலும் அந்த மாத்திரையை வாங்கியதும் பொதுப்பணம்தான். அதைச் சோதிக்காமல் விட்டதும் அதே துறைதான். அந்த மருத்துவருக்கு அதே ஆண்டின் குடியரசு நாளில் மாநில அரசு பாராட்டு வழங்கியிருந்தது. பாராட்டுக்குக் காரணம், அவர் செய்து முடித்திருந்த அறுவைகளின் எண்ணிக்கை.

கபர்ஃபோரா முகாமை முன்வைத்துத் தேவிகா பிஸ்வாஸ் 2012இல் தொடுத்திருந்த வழக்கில் பிலாஸ்பூரும் சேர்ந்துகொண்டது. 2016 செப்டம்பர் 14இல் நீதிபதிகள் மதன் லோகூர், உதய் லலித் ஆகியோர் தீர்ப்பளித்தனர். 2010க்கும் 2013க்கும் இடையில் கருத்தடை அறுவையின் பின் நேர்ந்த 363 மரணங்களை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. உடல்நலத்துக்கான உரிமையும் இனப்பெருக்க உரிமையும் அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று அது சொன்னது. மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையை முற்றிலும் கைவிட வேண்டும், சரிபார்ப்புப் படிவம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும், அறுவையின் விளைவுகளை அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையங்களை வலுப்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. கடைசி வாசகம் 1946இல் போர் எழுதியது. 1961இல் முதலியார் எழுதியது. எழுபது ஆண்டுகளில் மூன்றாம் முறையாக அது எழுதப்பட்டது.

மொழியைப் பற்றிய ஆணைக்குத் தனியே ஒரு சொல் தேவை. கையொப்பமோ கைநாட்டோ வாங்கிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது, கையொப்பமிட்டவருக்கே தெரியாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு தேசியத் திட்டம் நடந்திருக்கிறது. ஒப்புதல் என்ற சட்டக் கருத்து முழுவதும் மொழியின்மீது நிற்பது. சொன்னது புரிந்தால்தான் அது ஒப்புதல். அந்த எளிய செய்தியை நிர்வாகத்துக்கு எடுத்துச்சொல்ல உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

தீர்ப்பு விதித்த மூன்று ஆண்டுக் கெடு 2019 செப்டம்பரில் முடிந்தது. 2020 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் தேசியச் சுகாதார இயக்க அலுவலகம், ஆண் கருத்தடைக்கு ஓர் ஆளைக்கூட அழைத்து வராத ஆண் சுகாதாரப் பணியாளர்களின் சம்பளத்தை நிறுத்தவும் அவர்களைக் கட்டாய ஓய்வில் அனுப்பவும் சுற்றறிக்கை விட்டது. நெருக்கடி நிலையின் மொழி எழுத்து மாறாமல் திரும்பி வந்ததைக் கண்டு ஊடகங்கள் எழுதியபின், சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. இத்தனைக்கும் நாட்டின் மொத்தக் கருவுறுதல் வீதம் அப்போதே இரண்டை நெருங்கியிருந்தது. 2019-21ஆம் ஆண்டின் ஆய்வு அதைச் சரியாக 2.0 என்று காட்டியது. 2024இல் ஆந்திரப் பிரதேசம், இரண்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ளோர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்பதற்கிருந்த தடையை நீக்கியது. அங்கே இப்போது குழந்தை பெறச் சொல்லி மேடைப் பேச்சு நடக்கிறது. எண் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்பது மாறலாம்; எந்த உடல்மீது அந்த எண் எழுதப்படும் என்பது மாறுவதாகத் தெரியவில்லை.

2022 ஆகஸ்ட் 25ஆம் நாள், தெலங்கானாவின் இப்ராஹிம்பட்டினத்தில், ஐதராபாத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள அரசு மருத்துவமனையில், கருத்தடை முகாம் நடந்தது. அறுவை செய்துகொண்ட பெண்களுள் நால்வர் அடுத்த சில நாள்களில் இறந்தனர். பள்ளி மேசைகளோ டார்ச் விளக்கோ அங்கே இல்லை. அது முறையான மருத்துவமனை. அன்று ஒரே நாளில் செய்யப்பட்ட அறுவைகள் 34. கையேட்டிலுள்ள வரம்பு 30.